வாசகர் கேள்வி: பியூப்லோ பானைகள் – மண், மெருகு, நெருப்பு

அமெரிக்கப் பூர்வகுடிகளான பியூப்லோ மக்களின் மண்பாண்டங்களைப் பற்றிப் போன இதழில் எழுதியதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். பியூப்லோ என்றதும் ஒரே ஊரை நினைத்துக்கொள்ள வேண்டாம். நியூ மெக்சிகோவில் மட்டும் 19 பியூப்லோ ஊர்கள் இருக்கின்றன. அரிசோனாவில் ஹோப்பி ஊர்கள் தனி. ஊருக்கு ஊர் மண் மாறுகிறது, மண் மாறினால் செய்முறையும் மாறுகிறது. அதனால் பதிலில் வரும் ஊர்ப்பெயரைக் கவனித்துப் படியுங்கள்.

கேள்வி: தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் கலை என்கிறீர்கள். கைமாறுவது எது? சித்திர வடிவங்களைப் புத்தகத்தைப் பார்த்து யார் வேண்டுமானாலும் வரைந்துவிடலாமே?

பதில்: வரையலாம். ஆனால் சித்திரம் வருவது கிட்டத்தட்ட கடைசியில்தான். அதற்கு முன் கைமாறுவது மண் எடுக்கும் இடம். எந்த மேட்டில், எந்த அடுக்கில் நல்ல மண் ஓடுகிறது என்பதைக் குடும்பத்தோடு போய்த்தான் தெரிந்துகொள்ள முடியும். வெளியாரிடம் அதைச் சொல்ல மாட்டார்கள், கேட்பதும் முறையல்ல. தோண்டுவதற்கு முன் மண்தாயை வேண்டி மக்காச்சோள மாவு தூவுவார்கள். தேவைக்கு மேல் எடுக்க மாட்டார்கள்.

அடுத்தது கலவை. வெறும் களிமண்ணில் பானை செய்தால் காயும்போது சுருங்கி வெடிக்கும். அதனால் சுருங்காத பொருள் ஒன்றை அதில் சேர்க்க வேண்டும். சான் இல்டிஃபான்சோவிலும் சாண்டா கிளாராவிலும் சேர்ப்பது சலித்த எரிமலைச் சாம்பல், சியாவில் அரைத்த பசால்ட் கல், அக்கோமாவில் பழைய பானை ஓடுகளை இடித்த தூள். மூதாட்டி ஒருத்தி செய்து உடைந்துபோன பானையின் தூள் பேத்தியின் பானைக்குள் போகிறது என்றால் அக்கோமாவில் அது வெறும் பேச்சு இல்லை. ஹோப்பி மண் மிக நைசானது. அதில் பெரும்பாலும் எதையும் சேர்ப்பதில்லை, சேர்த்தாலும் கொஞ்சம்தான். எவ்வளவு சேர்ப்பது என்பதற்கு எழுதிவைத்த அளவு கிடையாது. ஒரே குழியில் எடுத்த மண்கூட ஆண்டுக்கு ஆண்டு மாறும். விரலிடுக்கில் தேய்த்தும் பல்லில் வைத்து நெறித்தும் பார்ப்பார்கள். சாம்பல் குறைந்தால் காயும்போது விரிசல் விடும். கூடினால் மண்ணுக்கு இழுவை போய், பானை எழுப்ப நீளமாக உருட்டிய மண் திரியை வளைக்கும்போதே பிளக்கும். இந்தப் பதம் கைக்குப் பிடிபட ஆண்டுகள் ஆகும்.

பிறகு, பானையைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் மெருகுக்கல். ஆற்றில் உருண்டு வழுவழுப்பான சிறு கூழாங்கல்தான், ஆனால் ஒரு பானைக்காரியின் சொத்துகளிலேயே விலைமதிக்க முடியாதது அது. பாட்டி கை, அம்மா கை என்று தேய்ந்து, விரல் அழுந்தும் இடம் தட்டையாகிப்போன கற்கள் உண்டு. கழுத்து வளைவுக்கு ஒரு கல், வயிற்றுப் பகுதிக்கு ஒரு கல் என்று தனித்தனியாக வைத்திருப்பார்கள்.

கற்றுக்கொடுப்பது என்று தனியாக உட்கார்ந்து பாடம் நடத்துவதில்லை. பெரியவர்கள் வேலை செய்யும்போது குழந்தை பக்கத்தில் ஓர் உருண்டை மண்ணோடு உட்கார்ந்திருக்கும். சான் இல்டிஃபான்சோவின் மரியா மார்ட்டினெஸ் கற்றது அத்தை நிக்கொலாசாவைப் பார்த்துத்தான். தாயிடமிருந்து மகளுக்கு என்று ஒரே நேர்க்கோடாக நினைக்க வேண்டாம். அத்தை, மாமியார், மருமகள், கணவன், மகன், பேரன் எல்லோரும் இதில் உண்டு. மரியா வனைந்து மெருகேற்ற, அவர் கணவர் ஹூலியன் சித்திரம் தீட்டினார். பல வீடுகளில் மண் சுமப்பதும் சூளை வேலையும் ஆண்கள் கையில்.

கேள்வி: என் கணவரின் குடும்பத்தில் ஒரு கறுப்புப் பானை இருக்கிறது. அடியில் ‘மேரி & சந்தானா’ என்று எழுதியிருக்கிறது. எந்தக் காலத்தது?

பதில்: ‘மேரி’ என்பது மேலே சொன்ன மரியா மார்ட்டினெஸ்தான். கையெழுத்து உண்மையானால் 1943க்குப் பிந்தியது. ஹூலியன் அந்த ஆண்டு இறந்தார். அதன்பின் மூத்த மகன் ஆடமின் மனைவி சந்தானா சித்திரம் தீட்டினார். அதற்கு முன் 1920களில் ‘மேரி’ என்று தனியாகவும், பிறகு ‘மேரி & ஹூலியன்’ என்றும் எழுதினார்கள். 1956 முதல் இன்னொரு மகன் போப்போவி டா சேர்ந்ததும் ‘மரியா / போப்போவி’ என்று ஆனது. அவற்றில் சிலவற்றில் தேதியும் இருக்கும். சித்திரமில்லாத வெறும் மெருகுப் பானைகளில் ‘மரியா போவெக்கா’ என்று இருக்கலாம்; போவெக்கா என்பது ஊர்மொழியில் அவர் பெயர்.

ஆனால் கையெழுத்தை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள். மரியா தன் வித்தையை ஊராரிடம் மறைக்கவில்லை, எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தார். மற்றவர்கள் பானையிலும் தன் பெயரை எழுதியதுண்டு. பெயர் இருந்தால்தான் விலை போகும், அந்தப் பணம் ஊருக்கு வரட்டும் என்ற எண்ணம். பிற்காலத்தில் பெயரைக் கீறி ஏமாற்றியவர்களும் உண்டு. சித்திரக் கோடு, அடிப்பகுதி மெருகு, சுவரின் கனம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அதுவரை அந்தக் கையெழுத்தைத் தேய்த்துத் துடைக்காதீர்கள்.

கேள்வி: கறுப்பு எப்படி வருகிறது? சாயம் இல்லை, வார்னிஷும் இல்லை என்கிறார்கள். நம்ப முடியவில்லை.

பதில்: நம்பலாம். சான் இல்டிஃபான்சோவிலும் சாண்டா கிளாராவிலும் பானைமேல் பூசுவது இரும்புச் சத்துள்ள சிவப்பு மண்குழம்பு. அதே குழம்பு பூசிய பானையைக் காற்றுப் புகவிட்டுச் சுட்டால் சிவப்பாகவே வரும். சுட்டு முடியும் நேரத்தில் காற்றை அடைத்தால் கறுப்பு. முடிவு நெருப்பில் எடுக்கப்படுகிறது.

நாள் பார்ப்பதில் ஆரம்பிக்கும். காற்றில்லாத அதிகாலைதான் நல்லது. தரை காய்ந்திருக்க வேண்டும். மழை பெய்த ஈரம் இருந்தால் அடியிலிருந்து ஆவி கிளம்பிப் பானையைக் கெடுக்கும். சுடாத பச்சைப் பானை வெளியே காய்ந்தாற்போல் தெரிந்தாலும் சுவருக்குள் ஈரம் நிற்கும். அதனால் வெயிலில் வைத்தோ, இப்போதெல்லாம் வீட்டு ‘ஓவன்’ அடுப்பில் மிதமான சூட்டில் வைத்தோ ஈரத்தை முழுக்க விரட்டிவிட்டுத்தான் சூளைக்குக் கொண்டுவருவார்கள். இந்தப் படியில் அவசரப்பட்டால் நெருப்பு ஏறும்போது உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேற வழியின்றிச் சுவரைப் பெயர்த்துவிடும். அந்தச் சத்தம் வெளியே நிற்பவருக்கும் கேட்கும். சிதறும் துண்டு பக்கத்துப் பானையிலும் அடிக்கும்.

நிலையான சூளைக் கட்டடம் கிடையாது. தரையில் ஜூனிப்பர் விறகுச் சிராய்கள், அதன்மேல் தகர டப்பாக்களில் நிறுத்திய இரும்புக் கம்பித் தட்டு, தட்டில் பானைகள் தலைகீழாக. சுற்றிலும் மேலேயும் பழைய தகடுகள், தட்டுகள். எரிபொருள் பானையில் படக்கூடாது என்பதற்குத்தான் இந்தத் தகடு. பட்ட இடத்தில் வடு விழும். தகட்டுக்கு மேல் காய்ந்த மாட்டு வறட்டியை ஓட்டையில்லாமல் அடுக்குவார்கள். வறட்டி நின்று சீராக எரியும். விறகு மட்டும் போட்டால் சூடு குதித்துக் குதித்து ஏறும், ஒரு பக்கம் அதிகமாகும்.

சூடு ஏறத்தாழ 650 முதல் 700 டிகிரி செல்சியஸுக்குள் நிற்க வேண்டும். பீங்கான் சூளையோடு ஒப்பிட்டால் இது குறைந்த சூடு. அதற்குக் காரணம் உண்டு: கூடுதலாகச் சூடேறினால் கல்லால் தேய்த்து ஏற்றிய மெருகு மங்கிவிடும். குறைந்தால் மண் வேகாது, பானை தண்ணீரில் கரையும். அந்த இடைவெளியில் நிறுத்துவதற்குப் பெரும்பாலும் கருவி எதுவும் இல்லை. வறட்டியின் நிறம், புகையின் நிறம், இடுக்கு வழியே தெரியும் பானையின் செந்தணல் நிறம் ஆகியவற்றைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள். குடும்பத்தின் மூத்தவர் பக்கத்தில் நிற்கத் தேவைப்படுவது இந்தக் கட்டத்தில்தான்.

பதம் வந்ததும் நைசாகப் பொடித்த குதிரைச் சாணத்தை மொத்தக் குவியலின் மேலும் கொட்டுவார்கள். நெருப்பு மூச்சுத் திணறும். அடர்ந்த புகை உள்ளேயே சுற்றும். காற்று இல்லாததால் சிவப்பு இரும்பு ஆக்சைடு தன் ஆக்சிஜனை இழந்து கறுப்பாகிறது. புகையின் கரியும் மண்ணின் நுண்துளைகளில் புகுந்து தங்குகிறது. எங்கேயாவது புகை கசிந்தால் உடனே சாம்பலோ சாணப் பொடியோ போட்டு அடைக்க வேண்டும். ஓர் ஓட்டையைக் கவனிக்காமல் விட்டால் அந்தப் பக்கம் பழுப்போ சிவப்போ திட்டாக நின்றுவிடும். சிலர் அப்படிப்பட்ட பானையை மறுபடி சுடுவார்கள். அதில் உடையும் ஆபத்து இரு மடங்கு.

கறுப்புமேல் கறுப்பாகத் தெரியும் மங்கல் சித்திரம் ஹூலியனும் மரியாவும் 1918–19 வாக்கில் கண்டுபிடித்தது. முழுப் பானையையும் மெருகேற்றி முடித்தபின், மெருகேற்றாத மெல்லிய மண்குழம்பால் தூரிகைகொண்டு வரைவார்கள். சுட்டதும் மெருகு பளபளக்கும், தீட்டிய இடம் மங்கலாக நிற்கும். தவறாக விழுந்த கோட்டைத் துடைத்தால் அடியில் உள்ள மெருகும் கலைந்துவிடும். ஹூலியனின் நீர்நாகமாகிய அவன்யுவைப் பானையின் வயிற்றைச் சுற்றிப் பாருங்கள்: உடலின் வளைவு பானையின் வளைவோடு ஒட்டியே ஓடி, தலை வால் அருகே வந்து நிற்கிறது. அளவு குறிக்காமல் வட்டத்தை இப்படி முடிப்பது எளிதல்ல.

கேள்வி: வீட்டில் சோதனையாக ஒரு சிறு கிண்ணம் செய்து செம்மண் குழம்பு பூசிக் கூழாங்கல்லால் தேய்த்தேன். முதலில் மினுமினுத்தது. பிறகு பொருக்குப் பொருக்காக உரிந்துவிட்டது. எங்கே தவறு?

பதில்: மூன்று இடங்களில் இருக்கலாம். முதலாவது, அடி மண். குழம்புக்கும் உடல் மண்ணுக்கும் சுருங்கும் அளவு ஒத்துப்போகாவிட்டால் காய்ந்ததும் குழம்பு தனியே கழன்றுகொள்ளும். குழம்பை மெல்லியதாகக் கரைத்து, ஒரு பூச்சு ஈர்த்துக்கொண்ட பின் அடுத்தது என்று நான்கைந்து தரம் பூசிப் பாருங்கள். கெட்டியாக ஒரே பூச்சு பூசுவதுதான் பொதுவாகப் பொருக்கு விடக் காரணம்.

இரண்டாவது, நேரம். கல்லை வைக்க வேண்டியது குழம்பின் மேல் நீர்ப் பளபளப்பு போய், ஆனால் ஈரம் போகாத நேரத்தில். ஈரமாக இருக்கும்போது வைத்தால் கல் குழம்பை இழுத்துக்கொண்டு வரும்; காய்ந்தபின் வைத்தால் மெருகு வராது, கீறல்தான் விழும். ஆரம்பித்தால் நிறுத்தக் கூடாது. பாதியில் விட்டுவிட்டுப் போனால் அந்த எல்லைக்கோடு என்றைக்கும் தெரியும். பெரிய பானைக்கு இது பல மணி நேர வேலை. அதனால்தான் மெருகு நாளில் வேறெந்த வேலையும் வைத்துக்கொள்வதில்லை. குழம்பு கெட்டுவிட்டால் முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பதுதான் வழி, ஒட்டுப்போட முடியாது.

மூன்றாவது, பூசுவதற்கு முன் மேற்பரப்பு. அவர்கள் சுரைக்குடுக்கைச் சில்லால் வழித்து, நன்றாகக் காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து (முன்பெல்லாம் மணற்கல்), ஈரத்துணியால் ஒத்தியெடுத்த பிறகுதான் குழம்பைத் தொடுகிறார்கள். தேய்த்த தூசி அப்படியே இருந்தால் குழம்பு தூசிமேல்தான் ஒட்டும்.

கேள்வி: அவர்கள் ஏன் குயவர் சக்கரம் பயன்படுத்துவதில்லை?

பதில்: ஐரோப்பியர் வரும்வரை அமெரிக்கக் கண்டங்களில் குயவர் சக்கரம் இருந்ததில்லை. வந்த பிறகும் இவர்கள் மாறவில்லை. திரி திரித்து அடுக்கியே ஆளுயரத்தில் பாதி வரும் சேமிப்புப் பானைகள் வரை செய்துவிட முடியும். சாண்டா கிளாராவின் மார்கரெட் டஃபோயாவும் (1904–2001) அவர் தாய் சாரா ஃபினாவும் இதற்குப் பெயர் பெற்றவர்கள். அடியை ஒரு குழிந்த தட்டில் சாம்பல் தூவி அழுத்தி எடுப்பார்கள். அதன்மேல் விரல் கனத் திரிகள். இரண்டு மூன்று சுற்று ஏற்றியதும் கொஞ்சம் இறுகவிட வேண்டும். விடாவிட்டால் மேல் எடை தாங்காமல் வயிறு சரியும். அதிகம் இறுகிவிட்டால் அடுத்த திரி ஒட்டாது, சுட்டபின் அந்த வளையத்தில் விரிசல் விழும்.

கேள்வி: அக்கோமாவில் வாங்கிய வெள்ளைப் பானையில் சில மாதங்களில் சிறு பள்ளங்கள் விழுந்துவிட்டன. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: அப்படி அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். மண்ணில் மிகச் சிறிய சுண்ணாம்புக் கல் கிடந்தால் அது சூளையில் நீறாகி, பிறகு காற்றின் ஈரத்தை இழுத்து ஊதும். ஊதும்போது மேலிருக்கும் பூச்சைத் தள்ளிவிடும். பள்ளத்தின் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அதுதான். பொறுமையாகச் சலித்துப் பொறுக்கிய மண்ணிலும் இது தப்பிவிடும். அக்கோமாவில் பலர் மின்சூளைக்கு மாறிவிட்டார்கள். அதை மறைக்காமல் சொல்வதுதான் நேர்மை. வாங்குபவரும் கேட்பதில் தவறில்லை. சுவர் மெலிந்து, கையில் எடுத்தால் எதிர்பார்த்ததைவிட இலேசாக இருப்பது அக்கோமாப் பானையின் அழகு. யுக்கா என்ற பாலைநிலச் செடியின் இலை நுனியை மென்று நாராக்கிய தூரிகையால் இழுத்த மயிரிழைக் கோடுகள் அங்கே தனிச்சிறப்பு. லூசி லூயிஸும் மேரி சினோவும் அந்தக் கோட்டைப் புகழ்பெறச் செய்தவர்கள், அவர்கள் மகள்களும் பேத்திகளும் அதைத் தொடர்ந்தார்கள்.

கேள்வி: இந்தப் பானைகளில் தண்ணீர் ஊற்றலாமா? சமைக்கலாமா?

பதில்: மெருகுக் கறுப்பில் தண்ணீரே கூடாது. மெருகு கண்ணாடிப் பூச்சு இல்லை. ஈரம் சுவருக்குள் இறங்கினால் மெருகு வெளுத்து உரியும், திரும்ப வராது. பூ வைக்க ஆசைப்பட்டால் உள்ளே ஒரு கண்ணாடிக் குவளையை வைத்து அதிலும் காய்ந்த பூக்களையே வையுங்கள். சமையலுக்கு டாவ்ஸ், பிக்குரிஸ் ஊர்களின் மைக்கா (அபிரகம்) மண் பானைகள் இருக்கின்றன. மைக்காத் தகடுகள் சூட்டில் விரியும் அழுத்தத்தைத் தாங்குவதால் பீன்ஸ் வேகவைக்க ஏற்றவை. அதிலும் குறைந்த தீயில் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும். காலிப் பானையை அடுப்பில் வைக்கக் கூடாது. சோப்பும் போடாதீர்கள், சுவர் அதைக் குடித்துவிடும்.

கேள்வி: நியூ மெக்சிகோவின் சாண்டா ஃபே நகருக்குப் போகிறோம். கையால் செய்ததா, அச்சில் வார்த்ததா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: பானைக்குள் கைவிட்டுத் தடவுங்கள், விற்பவரிடம் கேட்டுக்கொண்டு. வார்ப்புப் பானையின் உட்சுவர் ஒரே சீராக, வெளிவடிவத்தை அப்படியே பின்பற்றும். சிலவற்றில் அச்சு சேரும் கோடு செங்குத்தாக ஓடும். கைப்பானையில் கனம் சற்று மாறும், விரலோ சுரைச்சில்லோ போன தடம் எங்காவது அகப்படும். அடிப்பகுதியையும் பாருங்கள். ஒரே அளவில், ஒரே வடிவத்தில் பத்து பானை வரிசையாக இருந்தால் அவை வார்ப்புதான். வார்ப்பில் பூர்வகுடியினரே வர்ணம் தீட்டி விற்பதும் உண்டு. அப்படிச் சொல்லி விற்றால் குற்றமில்லை, விலை மட்டும் அதற்குரியதாக இருக்க வேண்டும்.

நேரடியாகச் செய்தவரிடமே வாங்குவது மேல். மண் உங்கள் ஊர் மண்ணா, திரி அடுக்கியதா, வெளியில் சுட்டதா மின்சூளையா என்று கேளுங்கள். ஆகஸ்டில் சாண்டா ஃபேவில் நடக்கும் இந்தியச் சந்தை 1922இல் தொடங்கியது. அங்கே செய்தவரே நின்று விற்பார். ‘பூர்வகுடியினர் செய்தது’ என்று பொய் சொல்லி விற்பதை 1990ஆம் ஆண்டின் இந்தியக் கலை கைவினைச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. தனிநபர் முதல்முறை பிடிபட்டால் 2,50,000 டாலர் வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் உண்டு. ஊர்களுக்குள் போனால் அனுமதியின்றிப் படம் எடுக்காதீர்கள். ஹோப்பி ஊர்களில் அதற்கு இடமே இல்லை.

கேள்வி: குழந்தைகள் மேலேறி உட்கார்ந்திருக்கும் கதைசொல்லி பொம்மைகளும் பழங்காலத்தவையா?

பதில்: இல்லை. கோச்சிட்டி ஊரின் ஹெலன் கொர்டெரோ 1964இல் முதலாவதைச் செய்தார், கதை சொல்வதில் பெயர்பெற்ற தன் தாத்தாவை நினைத்து. பாடும் தாய் என்ற பழைய உருவம் அங்கே முன்பே இருந்தது. அதிலிருந்து புதிதாக ஒன்றைப் படைத்தார். ஹோப்பியில் நம்பேயோ என்ற பானைக் கலைஞரும் (1942இல் மறைந்தார்) சிக்யட்கி என்ற பாழடைந்த ஊரின் பழைய ஓடுகளின் சித்திரங்களை எடுத்து, தன் கைக்கேற்ப மாற்றித் திரும்பக் கொண்டுவந்தார். அவருடைய மகள்களும் கொள்ளுப்பேத்திகளும் இன்று நமக்குத் தெரிந்த ஹோப்பி மண்பாண்டத்தின் பெரும்பகுதியை அதிலிருந்தே வளர்த்தார்கள். மாறாமல் இருப்பதைத் தேடுகிறவர்கள் மண்ணிலும் நெருப்பிலும் தேடட்டும். சித்திரம் எப்போதும் மாறியே வந்திருக்கிறது.

கேள்வி: வாங்கிய பானையை விமானத்தில் எப்படிக் கொண்டுவருவது?

பதில்: கைப்பையில், மடியிலேயே. பெட்டியில்தான் அனுப்ப வேண்டுமென்றால் அமிலமற்ற மெல்லிய தாளை முதலில் சுற்றுங்கள். குமிழி பிளாஸ்டிக்கை மெருகின் மேல் நேராகச் சுற்றி நாட்கணக்கில் வைத்தால் குமிழியின் தடம் மெருகில் பதியும். பானைக்குள் தாளைத் திணிக்காதீர்கள், அதிரும்போது உள்ளிருந்து தள்ளி வாய்விளிம்பைப் பிளக்கும். ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி, இடையில் எல்லாப் பக்கமும் நான்கு விரற்கடைக்குக் குறையாமல் மெத்தென்ற அடைப்பு. பிரித்து எடுக்கும்போது வாயைப் பிடித்துத் தூக்காமல் ஒரு கையை அடியிலும் மறு கையைப் பக்கவாட்டிலும் கொடுங்கள். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், மெருகில் விழும் கீறலைச் சரிசெய்ய வழி கிடையாது.